எஞ்சினியர் ஐயாவின் கேள்வி

புதன்கிழமைகளில் மட்டும் அப்பா வெயில் தணிய முதலே கடையைப் பூட்டிவிடுவார். உட்துறைமுகத்துக்குப் போகிற வீதியில் போட் எஞ்சின் திருத்துகிற சின்னக் கடை அது. மற்ற நாட்களில் வீட்டுக்கு வருகிற அப்பாவின் கை முழங்கை வரைக்கும் கறுப்பாக இருக்கும். புதன்கிழமைக் கை வேறு. கிணற்றடியில் குந்தியிருந்து முதலில் மண்ணெண்ணெய், பிறகு உடுப்புத் தோய்க்கிற தூள், கடைசியாகப் பிழிந்த தேசிக்காய்க் கோது என்று மாறி மாறிப் போட்டுத் தேய்ப்பார். நகக்கண்ணுக்குள் கிடக்கிற கறுப்பு மட்டும் எதற்கும் அசையாது. கையை அம்மாவிடம் நீட்டிக் காட்டுவார். அம்மா பார்த்துவிட்டு, அங்கே போய்க் கையைப் பொத்திக்கொண்டு இருங்கோ, ஒருத்தருக்கும் தெரியாது என்று சொல்லுவா.

அங்கே என்று அம்மா சொன்னது சேவைக் கழகத்தை. கடலைப் பார்த்தபடி இருந்த ஒரு விருந்தினர் விடுதியின் மேல்மாடியில் கிழமைக்கு ஒருதரம் அவர்கள் கூடுவார்கள். வங்கி முகாமையாளர், பல் வைத்தியர், பாடசாலை அதிபர், புடவைக்கடை முதலாளி, கிண்ணியாவில் பலகை விற்கிற மரக்காலை வைத்திருந்த ஹாஜியார் என்று, திருகோணமலையில் பெயர்ப்பலகை வைத்திருந்தவர்களில் பாதிப்பேர் அதில் இருந்தார்கள். அப்பாவின் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்து நகரத்துக்கு வந்த பிறகு வாடகைக்கு எடுத்த ஒரு தகரக் கொட்டிலில் தொடங்கின கடை. அப்பா நாலாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மாவுக்குக் கையெழுத்து வைக்க மட்டும் வரும்.

அப்படிப்பட்ட அப்பா அந்த மேல்மாடிக்கு ஏறினதற்கு வெள்ளந்தான் காரணம். மூதூர்ப் பக்கம் ரோட்டு அறுந்துபோன ஒரு மாரியில், கழகத்தார் கட்டி வைத்திருந்த சாப்பாட்டுப் பார்சல்களை ஏற்றிக்கொண்டு போக ஆள் கிடைக்கவில்லை. அப்பா தன் கடையில் திருத்தத்துக்கு நின்ற போட் ஒன்றில் அவற்றை ஏற்றிக்கொண்டு போனார். போட்டுக்குச் சொந்தக்காரனிடம் கேட்டாரா என்பது வேறு கதை. கூடப் போன கழகத் தலைவர் நனைந்து விறைத்துத் திரும்பி வந்ததும், இந்த மனுசனை எங்களோடு சேர்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். சட்டையில் குத்துகிற கழகத்துப் பின்னைக் கொண்டுவந்து அப்பா எங்களுக்குக் காட்டின அன்று, கை கழுவிவிட்டுத் தொடு என்று என்னிடம் சொன்னார். அவர் வாழ்க்கையில் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவையாக இருக்கவேண்டும்.

அந்தக் கூட்டத்துக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு விருந்தினர் வந்து பேசுவார். அவர் பேசினது எல்லாம் அன்று இரவுச் சாப்பாட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்துசேரும். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்லுவார். நாங்கள் கேட்போம். கேட்டதோடு விட்டால் பரவாயில்லை, அடுத்த நாளே அதன்படி நடக்கவும் வேண்டும். சிறுநீரகத்தைப் பற்றி ஒரு டொக்டர் பேசின கிழமை முழுவதும் நான் வகுப்பில் இருந்ததைவிட வெளியே ஓடினதுதான் அதிகம். அவ்வளவு தண்ணீர் குடிக்க வைத்தார்கள். சீனி வியாதியைப் பற்றிப் பேசினபோது சீனிப் போத்தல் அலுமாரியின் மேல்தட்டுக்குப் போனது. தேனீ வளர்க்கிற ஒருவர் பேசிவிட்டுப் போன கிழமை, வேலியோரம் ஒரு மரப்பெட்டி வந்தது. தேனீ வரவில்லை. அயல்வீட்டுக் கோழி ஒன்று அதற்குள் முட்டையிட்டுவிட்டுப் போனது. அம்மா அந்த முட்டையைப் பொரித்துப் போட்டு, இது உங்கட கூட்டத்து முட்டை என்று அப்பாவுக்கு வைத்தா.

பேச்சுக்குப் பிறகு கேள்வி நேரம். அப்பா அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். ஏனென்றால் முன்வரிசையில் எஞ்சினியர் ஐயா இருப்பார். ஓய்வுபெற்றவர், மெலிந்து உயர்ந்த மனுசன், வெள்ளைச் சட்டைக் கைகளை எப்போதும் இரண்டு மடிப்பு மடித்து விட்டிருப்பார். கேள்வி நேரம் தொடங்கினால் தலைவர் முதலில் அவரைத்தான் பார்ப்பார். அவர் எழும்பிக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினால் வந்த பேச்சாளருக்கு வேர்க்கும் என்று அப்பா சொன்னார். டெங்குவைப் பற்றிப் பேச வந்தவரிடம், நீங்கள் சொன்ன மருந்தை எந்தத் தண்ணீரில் எந்த அளவில் கலக்கவேண்டும் என்று கேட்டிருக்கிறார். வரியைப் பற்றிப் பேச வந்தவர் பாதியில் தொலைபேசி வந்ததாகச் சொல்லி வெளியே போனவர், பிறகு தேநீருக்குத்தான் திரும்பி வந்திருக்கிறார்.

கழகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கத்தவர்கள் முறை வைத்து ஒவ்வொருவராகப் பேச்சாளரைக் கொண்டுவரவேண்டும். யாருடைய முறையோ அவருடைய வீட்டார் அன்று கூட்டத்துக்கு வரலாம். பேச்சாளரை அறிமுகம் செய்வதும் அவர்கள் பொறுப்பு. அப்பா சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகியும் அவர் முறை வராமல் தலைவர் எப்படியோ தள்ளிக்கொண்டு வந்தார். ஒருநாள் தள்ள இடமில்லாமல் போய்விட்டது.

அப்பாவுக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் எஞ்சின் திருத்த வருகிறவர்கள். அவர்களில் கடற்றொழில் அலுவலகத்து உத்தியோகத்தர் ஒருவர் வருகிறேன் என்று சொன்னார். அப்பா இரண்டு கிழமை நிம்மதியாக நித்திரை கொண்டார். பிறகு அந்த மனுசன், பெறாமகளுக்குக் கலியாணம் சரிவந்துவிட்டது, அந்தப் புதன்கிழமை மட்டக்களப்பில் நிற்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். அதிபரைக் கேட்டால் அவர் ஏற்கெனவே பேசியாகிவிட்டது. வேறு யாரையும் கேட்க அப்பாவுக்கு வாய் வரவில்லை. அந்தக் கிழமைக் கூட்டத்தில் புடவைக்கடை முதலாளி, எங்கட மெக்கானிக் அண்ணன் போட் எஞ்சினைத்தான் மேடையில ஏத்தி ஸ்டார்ட் பண்ணப் போறார் என்று பகிடி விட்டிருக்கிறார். எல்லாரும் சிரித்தார்களாம். அப்பாவும் அங்கே சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் எழும்பிப் போய்விட்டார்.

வீட்டில் அப்போது மாமா நின்றார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கட்டாரில் பல வருடமாக வேலை. சுப்பவைசர் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார். லீவில் வந்து விறாந்தையில் படுத்துக்கொண்டிருந்தார். அவருடைய பெரிய நீலப் பெட்டி, சில்லு வைத்தது, அலுமாரிக்கு மேலே இருந்தது. கைபிடியில் விமானநிலையத்தில் ஒட்டின நீளக் கடதாசி தொங்கும். பெட்டி கட்டினபடியே இருந்தது, யாரும் அதை இறக்கக்கூடாது. எந்த நேரமும் கொம்பனியிலிருந்து போன் கோல் வரும், வந்தவுடன் போகவேண்டும் என்று மாமா சொல்லுவார். கோல் வரவில்லை. லீவு நீண்டுகொண்டே போனது. அப்பா பின்னேரம் வந்து, "என்ன மச்சான், கட்டார்க்காரர் உம்மை மறந்திட்டாங்களோ?" என்று நக்கலாகக் கேட்பார். மாமா, "நானில்லாம அவங்களுக்கு ஒரு வேலையும் ஓடாது அத்தான், கொஞ்சம் தவிக்கட்டும் எண்டு விட்டிருக்கிறன்" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்துவிடுவார்.

கதைக்கத் தொடங்கினால் மாமாவை நிற்பாட்ட ஏலாது. கட்டாரில் முகிலுக்கு மேலே வீடு இருக்கிறது, மொட்டைமாடியில் நீந்துகிற குளம் இருக்கிறது, லிப்டுக்குள் ஏறினால் காது அடைக்கும். எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லாம் அவரைச் சுற்றி இருக்கும். நான் அவருக்கு மருமகன் என்பதால் முன்னுக்கு இருப்பேன்.

அப்பா சாப்பிடாமல் எழும்பின அடுத்த நாள் அம்மாதான் சொன்னா. ஊரெல்லாம் இருந்து கதைக்கிறான், அங்கேயும் போய்க் கதைக்கட்டும், கட்டாரைப் பற்றி அந்த முதலாளிமாருக்கு என்ன தெரியும் என்று. அப்பா அம்மாவை ஒருமுறை பார்த்தார், மாமாவை ஒருமுறை பார்த்தார். அவர் முகத்தில் எஞ்சின் பிடித்துக்கொண்ட நேரத்து வெளிச்சம் வந்தது.

எங்களுக்கு ஆச்சரியம் என்னவென்றால் மாமா மாட்டேன் என்றார். நாலு பேருக்கு முன்னால் வாய் மூடாத மனுசன், தனக்கு ஏலாது, அங்கே படித்த ஆக்கள், வேறு ஆளைப் பாருங்கோ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பெரிய மனிதர்கள் முதலில் மறுப்பார்கள் என்று பாடசாலையில் படித்திருந்தேன். கடைசியில் அப்பா பகிடி எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கதிரையை மாமாவுக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்து, "மச்சான், நான் ஆரிட்டயும் ஒண்டும் கேட்டதில்லை. இந்த ஒரு புதன்கிழமை மட்டும்" என்றார். மாமா கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார்.

அறிமுகம் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. வீட்டில் பேனை பிடிக்கிற ஆள் நான் ஒருவன்தான். பேச்சுப்போட்டியில் கோட்ட மட்டம் வரை போயிருந்த எனக்கு, ஆளைப் பற்றிச் சொல்வதென்றால் எப்படிச் சொல்லவேண்டும் என்று தெரியும். மாமாவை எதிரே இருத்தி விபரம் கேட்டேன். கட்டட வேலை என்றார். வானளாவிய கோபுரங்களைக் கட்டியெழுப்பும் கட்டடக்கலை வல்லுநர் என்று எழுதினேன். எல்லா நாட்டு ஆக்களும் அங்கே வேலை செய்யினம் என்றார். பன்னாட்டுப் பணியாளர்களை வழிநடத்தும் தமிழர் என்று எழுதினேன். எழுதினதை வாசித்துக் காட்டியபோது மாமாவின் காது சிவந்துவிட்டது.

"மருமகன், கொஞ்சம் குறைச்சு எழுதுங்கோவன்" என்றார்.

அப்பா குறைக்கக்கூடாது என்றார். அங்கே எல்லாரையும் கூட்டித்தான் சொல்லுவார்களாம். பல் டொக்டரை அறிமுகம் செய்தபோது, ஊரில் இருக்கிற பல்லெல்லாம் அவர்தான் முளைக்க வைத்ததுபோலச் சொன்னார்களாம். கூட்டாமல் சொன்னால் ஆளை மதிக்கவில்லை என்று நினைப்பார்கள். அது அந்தச் சபையின் முறை என்றார். ஆகவே நான் இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

அந்த நாட்களில் நானும் மாமாவும் விறாந்தையில் இருந்து பழகினோம். எஞ்சினியர் ஐயாவாக நான் நடித்தேன். கண்ணாடி இல்லாததால் அப்பாவின் வெயில் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கேள்வி கேட்டேன். கட்டடம் எவ்வளவு உயரம், எத்தனை மாடி, எத்தனை லிப்ட், கம்பியின் தடிப்பு என்ன. மாமா கட்டாரில் நின்ற ஒரு கூட்டாளிக்குப் போன் எடுத்துக் கேட்டுக் கேட்டு எல்லாவற்றையும் பாடமாக்கினார். சுப்பவைசருக்கு இதெல்லாம் ஏன் தெரியாமல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. பெரிய வேலையில் இருக்கிறவர்களுக்குச் சின்ன விபரங்கள் மறந்துபோகும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அம்மா குசினி வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிப்பா. ஒருநாள் உரிப்பதை நிறுத்திவிட்டுத் தம்பியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு உள்ளே போய்விட்டா.

புதன்கிழமை வந்தது. அப்பா கையைத் தேய்த்தார். மாமாவும் பக்கத்தில் குந்தியிருந்து கை கழுவினார். அம்மா கலியாணச் சேலை உடுத்தா. மாமாவுக்கு அப்பாவின் வெள்ளைச் சட்டை தோளில் இறுக்கமாக இருந்தது. எல்லாரும் ஒரு ஓட்டோவில் நெருக்கியடித்துக்கொண்டு போனோம். ஓட்டோக்காரன் கலியாணமோ என்று கேட்டான். அப்பா, அதுக்கு மேல என்றார்.

மேல்மாடி மண்டபத்தை நான் அப்பாவின் கதையில் எத்தனையோ தடவை பார்த்திருந்தேன். நேரில் அது அதைவிடச் சின்னதாக இருந்தது. மற்றவை எல்லாம் சொன்னபடியே இருந்தன. தலைவர் கழுத்தில் தொங்கின பதக்கச் சங்கிலி, மேசையில் பித்தளை மணி, அதை அடிக்க ஒரு சின்னச் சுத்தியல், ஓரத்தில் மூடி வைத்த பற்றீஸ் தட்டு, பேச்சாளருக்குக் கொடுக்கிற சுவர்க்கடிகாரம். வந்தவர் எல்லாருக்கும் கழகம் கடிகாரந்தான் கொடுக்கும். திருகோணமலையில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கழகச் சின்னம் போட்ட கடிகாரம் ஒன்று சுவரில் இருக்கும், எந்த இரண்டும் ஒரே நேரம் காட்டாது என்று அப்பா சொல்லியிருக்கிறார். யன்னலால் கடல் தெரிந்தது. தூரத்தில் கப்பல் ஒன்று வெளிச்சம் போட்டுக்கொண்டு நின்றது.

தலைவர் மணியடித்தார். எல்லாரும் எழும்பினோம், இருந்தோம். அப்பாவைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை சொன்னார். பிறகு சிரித்துக்கொண்டு, இன்றைக்குக் கேள்வி நேரம் விசேஷமாக இருக்கும், ஏனென்றால் எங்களுடைய எஞ்சினியர் ஐயாவும் கட்டாரில் நீண்டகாலம் இருந்து பெரிய கட்டடங்கள் கட்டுவித்தவர், இரண்டு வல்லுநர்கள் கதைப்பதை நாங்கள் கேட்கப் போகிறோம் என்றார்.

அப்பா அதை அறிந்திருக்கவில்லை. சந்தோசத்தில் என் முழங்காலை அழுத்தினார். நான் மாமாவைப் பார்த்தேன். மாமா மேசையில் இருந்த தண்ணீர்க் கிளாசை எடுத்து முழுவதும் குடித்தார். அம்மா சேலைத் தலைப்பைக் கையில் சுற்றத் தொடங்கினா.

என்னைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி எட்டாததால் சோடாப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்து ஏற்றிவிட்டார்கள். எழுதின தாளைப் பார்க்காமலே சொன்னேன். வானளாவிய கோபுரங்கள் வந்தன, பன்னாட்டுப் பணியாளர்கள் வந்தார்கள். அப்பாவின் உதடு என்னோடு சேர்ந்து அசைந்தது. அவருக்கும் பாடம். முடித்தபோது நல்ல கைதட்டல். புடவைக்கடை முதலாளிகூடத் தட்டினார். எஞ்சினியர் ஐயா மட்டும் தட்டவில்லை, மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விகளைத் தயார் செய்கிறார் என்று நினைத்தேன்.

மாமா பேசினார். முதல் கொஞ்சம் தடுமாறினார். பிறகு எங்கள் விறாந்தைக் கதைகளில் ஒன்று கைகொடுத்தது. புதிதாக வந்த ஊராள் ஒருவன் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவுக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்ற கதை. மண்டபம் சிரித்தது. ஹாஜியார் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அதன் பிறகு மாமா ஓடத் தொடங்கிவிட்டார். மாடிக்குளம், லிப்ட், காது அடைப்பது, மணற்காற்று வந்தால் பகல் இருட்டுவது, உச்சியிலிருந்து பார்த்தால் கப்பல்கள் பிள்ளைகளின் கடதாசிக் கப்பல்போலத் தெரிவது. அப்பா ஒருதரம் திரும்பிப் புடவைக்கடை முதலாளியைப் பார்த்தார். பார்த்துவிட்டு முன்னுக்குத் திரும்பினார். அந்தப் பார்வைக்காகவே மாமாவுக்கு இரண்டு கடிகாரம் கொடுத்திருக்கலாம்.

தலைவர் கேள்வி நேரம் என்று அறிவித்து முன்வரிசையைப் பார்த்தார். எஞ்சினியர் ஐயா எழும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். சட்டை நுனியால் துடைத்தார். மண்டபம் நிமிர்ந்து இருந்தது. எனக்குப் பயம் இல்லை. உயரம் தெரியும், மாடி தெரியும், கம்பி தெரியும். எங்கிருந்து கேட்டாலும் மாமா விடமாட்டார் என்று நினைத்தேன். மாமா மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

எஞ்சினியர் ஐயா கண்ணாடியைத் திரும்பப் போடவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, "தம்பி, அங்க வெயில் எப்பிடி?" என்றார்.

அவ்வளவுதான். நான் அவர் இன்னும் கேட்பார் என்று பார்த்தேன். அவர் இருந்துவிட்டார்.

எனக்குப் பெரிய ஏமாற்றம். வெயிலைப் பற்றிக் கேட்கவா இந்த மனுசன் எழும்பினார்? பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம் கேட்கிற கேள்வி அது. ஒரு கட்டடக்கலை வல்லுநரிடம் கேட்கிற கேள்வியா? மாமாவும் அதை எதிர்பார்க்கவில்லை. பிறகு மேசையைப் பிடித்திருந்த கையை விட்டார்.

"வெயில் ஐயா..." என்று தொடங்கினார். அது விறாந்தைக் குரல் இல்லை.

கோடையில் விடிய முதலே வேலை தொடங்கிவிடும் என்றார். இராத்திரி போத்தலில் தண்ணீரை நிரப்பி உறைய வைத்துக் கொண்டுபோனால் மேலே ஏறி முடிக்க முதல் அது சுடுதண்ணீராகிவிடும். தொப்பிக்குக் கீழே ஈரத் துவாய் கட்டுவார்கள், அது காய்ந்து உப்புப் பொரிந்துபோய் இருக்கும். சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்தால் வேர்வை ஊற்றும். கட்டடத்தைச் சுற்றிக் கட்டுகிற இரும்புக் குழாய் கையுறையைத் தாண்டிச் சுடும். சுப்பவைசர்மார் கீழே நிழலுக்குள் நிற்பார்கள், நாங்கள் மேலே குழாயில் நிற்போம் என்றார். எஞ்சினியர் ஐயா முன்வரிசையில் இருந்து ஓம் ஓம் என்று மெதுவாகத் தலையாட்டினார். மாமா அவரையே பார்த்துக்கொண்டு தொடர்ந்தார். மண்டபத்தில் வேறு யாரும் இல்லாததுபோலப் பேசினார்.

தன்னோடு ஒரே அறையில் இருந்த பெடியன் ஒருவனைப் பற்றிச் சொன்னார். நேபாளத்துப் பெடியன், பனி பெய்கிற ஊரில் பிறந்தவன். ஒருநாள் மத்தியானம், கொஞ்சம் இருந்துவிட்டு வாறன் என்று சாடையில் சொல்லி, ஒரு தூணின் நிழலில் போய் இருந்திருக்கிறான்.

"கூப்பிட்டம். எழும்பேல்லை" என்றார் மாமா. "அதுக்குப் பிறகு எனக்கு மேல ஏற ஏலாமப் போச்சு ஐயா. ஏணியில காலை வைச்சா கால் நடுங்குது."

அதோடு முடித்துவிட்டார். நன்றி வணக்கம்கூடச் சொல்லவில்லை. பேச்சை முடிக்கிற முறை அது இல்லை என்று எனக்கு உறுத்தியது. யாரும் கைதட்டவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கையைப் பொத்த மறந்துபோய் இருந்தார். இரண்டு கையும் முழங்காலில் விரிந்து கிடந்தன, நகக் கறுப்போடு. அம்மா குனிந்திருந்தா.

எஞ்சினியர் ஐயாதான் எழும்பிப் போய்க் கிளாசில் தண்ணீர் ஊற்றி மாமாவிடம் கொடுத்தார். "நானும் கண்டனான் தம்பி. இருங்கோ. குடியுங்கோ" என்றார். இதற்குப் பிறகும் யாராவது கேள்வி கேட்கப் போகிறீர்களா என்பதுபோல மண்டபத்தை ஒருதரம் திரும்பிப் பார்த்தார். யாரும் கேட்கவில்லை. தலைவர் மணியை அடித்தார், வழமையைவிட மெதுவாக. கடிகாரத்தைக் கொடுக்கச் சொல்லி எஞ்சினியர் ஐயாவையே கூப்பிட்டார்கள். அவர் கடிகாரத்தைக் கொடுத்துவிட்டு மாமாவின் கையைப் பிடித்தார், பிடித்த கையை விடவில்லை. படம் எடுக்கிறவன் இன்னும் எடுத்து முடிக்கவில்லை போலும் என்று நான் நினைத்தேன். படம் எடுக்கிறவன் பற்றீஸ் தட்டுக்குப் பக்கத்தில் நின்றான்.

தேநீர் நேரத்தில் புடவைக்கடை முதலாளி அப்பாவிடம் வந்தார். அப்பாவின் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். பிறகு திரும்பி வந்து எனக்கு இன்னொரு பற்றீஸ் எடுத்துத் தந்தார்.

திரும்பி வருவதற்கும் ஒரு ஓட்டோ பிடித்தோம். அம்மா, சின்னப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்கிறவபோல மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தா. கடிகாரம் என் மடியில். எனக்கு மனம் ஆறவில்லை. எவ்வளவு பாடமாக்கினோம், அந்த ஐயா உயரத்தைக்கூடக் கேட்கவில்லையே என்று சொன்னேன்.

முன்னுக்கு ஓட்டோக்காரனோடு நெருக்கிக்கொண்டு இருந்த அப்பா திரும்பாமலே, "உயரம் அவருக்குத் தெரியும், மகன்" என்றார்.

அது எனக்கு இன்னும் குழப்பமாகிவிட்டது. உயரம் தெரியும் என்பதால் கேட்கவில்லை என்றால், அங்கேயே பல வருடம் இருந்த மனுசனுக்கு வெயில் தெரியாதா? தெரிந்ததை ஏன் கேட்டார்? அதைக் கேட்க வாயெடுத்தேன். அம்மா மற்றக் கையால் என் வாயைப் பொத்தினா. அடிக்கிற பொத்தல் இல்லை.

இப்போது நானும் படித்து முடித்து, கூட்டங்களில் முன்வரிசையில் இருக்கிற உத்தியோகம் ஒன்றில் இருக்கிறேன். எழும்பிக் கேள்வி கேட்கிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். தங்களுக்குத் தெரிந்ததைக் காட்டுவதற்குக் கேட்கிறவர்கள் அதிகம், தெரியாததை அறியக் கேட்கிறவர்கள் கொஞ்சம். எதிரே நிற்கிறவனுக்கு எது உண்மையாகத் தெரியுமோ அதைத் தேடிக் கேட்ட ஒருவரை அந்த ஒரு புதன்கிழமைக்குப் பிறகு நான் காணவில்லை. ஐயா இப்போது இல்லை. கழகம் இருக்கிறது, அப்பா இன்னும் போகிறார், நகம் இன்னும் வெளுக்கவில்லை. மாமா நிலாவெளிப் பக்கம் ஒரு விடுதியில் தோட்டம் பார்க்கிறார். ஐயா சொல்லிவிட்டுக் கிடைத்த வேலை. தேங்காய் பறிக்க ஆள் வந்தால், மரம் ஏறி இறங்குகிற வரைக்கும் மற்றப் பக்கம் திரும்பி நிற்பார்.

அந்தப் புதன்கிழமைக்கு அடுத்த நாள் காலையில், நான் பாடசாலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு கதிரையை இழுத்துப் போட்டு ஏறி அலுமாரிக்கு மேலிருந்த நீலப் பெட்டியை இறக்கினா. யாரும் தொடக்கூடாத பெட்டி. கைபிடியில் தொங்கின கடதாசியைக் குசினிக் கத்தியால் அறுத்தா. பெட்டியைத் திறந்து மாமாவின் உடுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து உதறி, அலுமாரியில் அப்பாவின் உடுப்புக்குக் கீழ்த் தட்டில் அடுக்கினா. மாமா விறாந்தைக் கதவைப் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. வெறும் பெட்டியைச் சீலைத் துண்டால் துடைத்து என்னிடம் தள்ளிவிட்டு, இனி உன்ர புத்தகத்தை இதுக்குள்ள வை என்றா.

சில்லு வைத்த பெட்டி எங்கள் ஒழுங்கையில் வேறு ஒருத்தரிடமும் இல்லை. பாடசாலைக்கு நேரம் போவதையும் மறந்து முற்றம் முழுக்க அதை இழுத்துக்கொண்டு திரிந்தேன். மாமா எப்போது திரும்பிப் போவார் என்று அதன் பிறகு எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பெட்டி கிடைத்த சந்தோசப் புளுகத்தில் நானும் கேட்க மறந்துபோனேன்.